தசைப்பிடிப்பு

சிறுமணல் என்று ஒரு தீவு. தனி நாடு. கொடி உண்டு, கீதம் உண்டு, மந்திரிகள் தேவைக்கு மேலேயே உண்டு. ஓடிப் பழக ஒரு மைதானம் மட்டும் கிடையாது.

ஓட ஆசைப்பட்டவர்கள் விமான நிலையத்து ரன்வேயில் ஓடுவார்கள். வாரத்துக்கு மூன்று விமானம். விமானம் கண்ணில் பட்டதும் சைரன் ஊதும். ஓடுகிறவர் அந்த நிமிஷமே பக்கத்துப் புல்லில் பாய்ந்து குப்புறப் படுத்துவிட வேண்டும். யோசிக்கக் கூடாது. சைரன் ஊதுகிறவர் பொஸ்கோ மாஸ்டர். ஓடக் கற்றுக்கொடுக்கிறவரும் அவரே.

அந்த வருஷம் வட்டார விளையாட்டுப் போட்டிக்குச் சிறுமணலிலிருந்து ஐந்து பேர் ஓடப் போனார்கள். கூடவே பொஸ்கோ மாஸ்டரும், கோட்டுப் போட்டவர்கள் பதினான்கு பேரும்.

மதலேனுக்கு எண்ணூறு மீட்டர். வயது முப்பத்தொன்று. ஊரில் மீனை டப்பாவில் அடைக்கும் வேலை. அவள் நாடு அதுவரை ஒரு வெண்கலம்கூடக் கண்டதில்லை. கடைசி நூறு மீட்டரில் அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள்.

அப்போது ஈட்டி எறியும் பக்கம் யாரோ மயங்கி விழுந்தார்கள். ஆம்புலன்ஸ் சைரன் அலற உள்ளே வந்தது.

மதலேன் பாய்ந்தாள். தடத்தை விட்டுப் புல்லில் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

அரங்கமே சிரித்தபோதுதான் எங்கே படுத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அரை மணி நேரத்தில் விளையாட்டுச் சங்கத்துச் செயலாளர் தங்கசாமி ஒரு காகிதத்தோடு வந்தார்.

“படிக்கவெல்லாம் வேண்டாம், கீழே கையெழுத்துப் போடு. காலில் தசைப்பிடிப்பு, அதனால் விழுந்தேன். அவ்வளவுதான்.”

“எனக்குப் பிடிக்கலையே சார்.”

“பின்னே? எங்க ஊர்ல ஓட இடமில்லை, ரன்வேயிலதான் ஓடுறோம்னு பத்து நாட்டுக்காரனுக்கும் சொல்லப்போறியா? நாட்டு மானம் என்னாகிறது? போட்டுட்டா அடுத்த போட்டிக்கும் நீதான். மைதானமும் கட்டிடலாம், நானே மந்திரிகிட்டப் பேசறேன். போடலைன்னா, ஊர்ல மீன் டப்பா காத்துக்கிட்டிருக்கு.”

சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பதினான்கு பேருக்கும் விருந்து.

மதலேன் காகிதத்தோடு பயிற்சி மைதானத்துக்கு வந்தாள். மாஸ்டர் தனியாக உட்கார்ந்து ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போடட்டுமா மாஸ்டர்?”

அவர் வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரு சுற்று ஓடு.”

“இப்பவா?”

“உனக்கு வேற சோலி இருக்கா?”

ஓடினாள். வளைவு தாண்டி அவள் பக்கத்தில் வந்ததும், மாஸ்டர் வாயைக் குவித்துச் சைரன் மாதிரி ஊளையிட்டார்.

அடுத்த கணம் அவள் புல்லில் குப்புறக் கிடந்தாள்.

மாஸ்டர் வந்து குந்தினார். அவள் கெண்டைக்காலை அழுத்தினார்.

“இங்க பிடிச்சிருக்கா?”

“இல்லை.”

தொடையைத் தட்டினார். “இங்க?”

“இல்லை மாஸ்டர். விளையாடாதீங்க.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ஏன் என்னை இப்படிப் பழக்கினீங்க? இன்னும் இருபது அடி எடுத்து வெச்சிருந்தா பதக்கம்.”

மாஸ்டர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“யாக்கோபுன்னு ஒருத்தன் இருந்தான். உனக்கு முந்தி என்கிட்ட ஓடினவன். உன்னைவிட வேகம். ஒருநாள் சைரன் கேட்டும் இறங்கலை. இன்னும் அறுபது மீட்டர்தானே, முடிச்சு நேரத்தைப் பார்த்துடலாம்னு நினைச்சான்.”

“அப்புறம்?”

“விமானத்துக்கு ஒண்ணும் ஆகலை. அவனை மூடின பெட்டியிலதான் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.”

மதலேன் எழுந்து உட்கார்ந்தாள்.

“நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

“எப்படிக் கேள்விப்படுவே? அன்னிக்கும் ஒரு காகிதம் வந்துச்சு. இந்தத் தங்கசாமியோட மாமனார் அப்போ செயலாளர். ஓடும்போது மாரடைப்புன்னு எழுதி எடுத்துட்டு வந்தார். விமானம் அடிச்சதுன்னு வெளியே தெரிஞ்சா நாட்டு மானம் போயிடுமாம். கையெழுத்துப் போட்டா யாக்கோபு பேரிலேயே மைதானம் கட்டித் தர்றோம்னார்.”

“யார் போட்டது?”

“பழக்கினவன்தானே போடணும்.”

தூரத்தில் பெரிய மைதானத்தில் யாருடைய நாட்டுக் கீதமோ வாசித்தார்கள்.

“மைதானம் கட்டினாங்களா மாஸ்டர்?”

மாஸ்டர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நீ எங்கே ஓடிப் பழகினே?” என்றார்.