கோதண்டபாணியின் பாட்டனார் எலும்பு

சுண்ணாம்புக்கல் குழியில் வேலை பார்த்த செங்கமலத்துக்கு, கல்லாகிப்போன சிப்பியையும் நத்தையையும் பொறுக்கிச் சேர்ப்பதில் ஒரு கிறுக்கு. ஒருநாள் தன் குடிசைக்குப் பின்னால் தேங்காய்ப் பருமனில் ஒரு கல்லெலும்பைத் தோண்டி எடுத்தாள்.

சேதி கேட்டு மில்லுக்காரர் கோதண்டபாணி தாசில்தாரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இது எங்க பாட்டனாரோட கழுத்தெலும்பு. பனைமர உசரம் இருந்த மனுஷர். அப்போ இது எங்க சமாதி நிலம். இங்க இருக்கிற பத்துக் குடிசையும் நாளைக்கே காலியாகணும். இல்லேன்னா யாரோட எலும்புன்னு இப்பவே சொல்லு, பாப்போம்."

 செங்கமலம் உள்ளே போய், கறிக்குழம்புச் சட்டியிலிருந்து ரெண்டு எலும்பைக் கழுவி எடுத்து வந்தாள்.

"சார், இது ஆட்டுக் கழுத்தெலும்பு. நடுவுல ஓட்டை இருக்கும், உறிஞ்சித் தின்போமே. இது வால் நுனி எலும்பு, ஓட்டையே கிடையாது. ஐயா சொல்ற எலும்பு இதுல எந்த ஜாடைன்னு நீங்களே பாருங்க."

தாசில்தார் கல்லெலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை. "வால்தான். ஏதோ பெரிய மிருகம்" என்றார்.

"அப்போ 'எங்க பாட்டனாருக்கு வால் இருந்துச்சு'ன்னு ஐயா எழுதிக் கையெழுத்துப் போடட்டும் சார்" என்றாள் செங்கமலம். " நாளைக்கு என்ன, இப்பவே சட்டிபானையத் தூக்கிட்டுப் போறோம்."

தாசில்தார் பேனாவைத் திறந்து நீட்டினார். கோதண்டபாணி அதைத் தொடவில்லை. எலும்பைப் பிடுங்கிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

செங்கமலம் குறுக்கே போய் நின்று கையை நீட்டினாள்.

"அதை வச்சிட்டுப் போங்க. அது உங்க சொந்தக்காரர் இல்லை."