கடவுளுக்குத் தெரியாமல் ஒரு காரியம்

முன்னொரு காலத்தில், வெயில் காய்ந்தால் வானத்தையும் மழை பெய்தால் ஏரிக்கரையையும் பார்த்துக்கொண்டே வாழ்ந்த சீமை ஒன்று இருந்தது. அதை ஆண்ட கனகராயர் நல்ல மனசுக்காரர். ஆனால் ஒரு எண்ணம் தலைக்குள் புகுந்துவிட்டால் போதும், சோற்றில் அகப்பட்ட கல்லைப் போல அதையே கடித்துக்கொண்டிருப்பார்.

புரட்டாசி மாதக் கடைசியில் பௌராணிகர் ஒருவர் வந்து அரண்மனையில் கதை சொன்னார். "நாளைக்கு எந்த இலை உதிரும், எந்த எறும்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் இறைவனுக்கு இன்றைக்கே தெரியும்" என்று முடித்து, சால்வையை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அவர் போனார்; அவர் சொன்னது போகவில்லை.

மறுநாள் சபையில் அரசர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நான் என்ன செய்யப்போகிறேன் என்று இறைவனுக்கு முன்னமே தெரியும். அவருக்குத் தெரிந்ததை மாற்ற என்னால் ஆகாது. அப்படியென்றால் நான் செய்கிறேன், நான் ஆள்கிறேன் என்பதற்கெல்லாம் என்ன பொருள்? நான் வெறும் பொம்மைதானா?"

சபையோர் மேல்கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். எழுந்து நின்றவர் தலைமைச் சோதிடர் கூர்மநாதர் ஒருவர்தான். "பொம்மையேதான் மகாராஜா! ஆகையால் தங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம். இதோ, ஏரிக்கரைக்கு மண் போட ஆட்களை ஏவியிருக்கிறீர்கள். கரை நிற்கும் என்று இறைவன் அறிந்திருந்தால் மண் போடாமலே நிற்கும். உடையும் என்று அறிந்திருந்தால் மலையைக் கொண்டுவந்து கொட்டினாலும் உடையும். எதற்கு வீண் பாடு? நானும் கிரகங்களைப் பார்த்துவிட்டேன். கரை நிற்கும்."

அரசருக்கு அது வசதியாக இருந்தது. அன்றைக்கே கரை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அந்தச் சபையில் குழைக்காதன் என்று ஒரு விகடகவி இருந்தான். கூர்மநாதருக்கு அவன் பெயரைக் கேட்டாலே பித்தம் ஏறும். அவர் "மழை இல்லை" என்று நாள் குறித்துக் கொடுத்த கல்யாணத்துக்கு, குழைக்காதன் தாழங்குடையோடு வந்து சேர்ந்தான். ஊரே நனைந்தது, அவன் மட்டும் நனையவில்லை. அன்று முதல், இவனைச் சீமையை விட்டுத் துரத்த ஒரு வேளை வராதா என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

குழைக்காதன் வீடு ஏரிக்கரைக்கு நேர் கீழே. சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது மனைவி பூரணி வாசலிலேயே நின்றிருந்தாள். காலெல்லாம் சேறு.

"கரை கசியுதுங்க. நண்டு வளை ஒண்ணுல என் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன், முழுசா உள்ளே போயிருச்சு. மண்வெட்டிக்காரங்க கூடையைக் கவுத்துப் போட்டுட்டு தாயம் ஆடுறாங்க. என்னப்பான்னு கேட்டா, அரசர் உத்தரவுங்கிறாங்க."

குழைக்காதன் அண்ணாந்து கரையைப் பார்த்தான்.

"ஐப்பசி பிறந்தாச்சு. வடக்கே கருத்துக்கிட்டு வருது," என்றாள் பூரணி. "அரண்மனையைச் சிரிக்க வச்சு சோறு திங்கிறீங்க. அந்தச் சோறு இந்த ஏரித் தண்ணியில வெளஞ்சது. அதை மறந்துடாதீங்க."

மறுநாள் காலையில் குழைக்காதன் சபை நடுவே போய்க் கைகூப்பினான். "அரசே, கரை வேலையை மறுபடி தொடங்க உத்தரவிட வேண்டும்."

"உத்தரவிட நான் யார் குழைக்காதா? எல்லாம் முன்னமே தெரிந்த கதை."

"தெரிந்தால் என்ன பிரபு? செய்வது நாம்தானே?"

கூர்மநாதர் காத்திருந்த வேளை வந்துவிட்டது. "ஓய் விகடகவி! மனிதன் தன் இஷ்டப்படி செய்கிறான் என்கிறீரா? அப்படியானால் கடவுளுக்கு முன்கூட்டித் தெரியாத காரியம் ஒன்றை நாளைக்குள் செய்து காட்டும். முடியாவிட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு சீமையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். சம்மதமா?"

அரசருக்குக் கண் பளிச்சென்றது. பந்தயம் என்றால் அவருக்குப் பாயசம். "நல்ல சோதனை! அப்படியே ஆகட்டும்" என்றார்.

மறுநாள் சபையில் கூட்டம் நெரிந்தது. அரசியார் செல்வநாயகியும் வந்து அரசருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். குழைக்காதன் இரண்டு மூடிய தட்டுகளோடு வந்து, அவற்றைக் கீழே வைத்துவிட்டு வணங்கினான்.

"என்ன, செய்தாயா?" என்றார் அரசர்.

"செய்துவிட்டேன் அரசே. கடவுளுக்குத் துளியும் தெரியாமல் செய்துவிட்டேன்."

"என்ன காரியம்? சொல்!"

குழைக்காதன் காதைப் பொத்திக்கொண்டான். "ஐயையோ, சொல்லலாமா? சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடுமே!"

ஒரு கணம் சபை விழித்தது. பிறகு அரசியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். சபை முழுதும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"இது ஏமாற்று!" என்று கத்தினார் கூர்மநாதர். "கடவுளுக்குத் தெரியாமல் எதுவும் நடந்திருக்க முடியாது!"

"எனக்கென்னவோ அவருக்குத் தெரியாது என்றுதான் தோன்றுகிறது. தாங்கள் அவரிடமே கேட்டு, 'எனக்குத் தெரியும்' என்று அவர் வாயால் சொல்லவைத்துவிடுங்கள். இப்போதே சட்டிபானையைக் கட்டுகிறேன்."

அரசர் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் கை மறுபடி கன்னத்துக்குப் போயிற்று. "சாமர்த்தியம்தான் குழைக்காதா. உன்னைத் துரத்தவில்லை. ஆனால் என் நெஞ்சில் உள்ள முள் அங்கேயே இருக்கிறதே."

குழைக்காதன் பிழைத்துவிட்டான், கரை பிழைக்கவில்லை. இனிமேல்தான் உண்மையான வேலை.

"அந்த முள்ளுக்குத்தான் இந்தத் தட்டுகள் பிரபு. ஒன்றில் அதிரசம், ஒன்றில் தேங்குழல். விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், தாங்கள் எதை எடுப்பீர்கள் என்று அரசியாரின் காதில் ஒரு வார்த்தை சொல்லிவைக்க உத்தரவு வேண்டும்."

அரசர் தலையசைத்தார். அரசியார் சற்றே குனிய, குழைக்காதன் மெல்ல என்னவோ சொன்னான். அரசியார் உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

அரசர் அதிரசத்தைப் பார்த்தார். பாகும் நெய்யும் மின்ன அது அவரைப் பார்த்தது. கை அதன் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது. 'அதிரசம் எனக்கு உயிர் என்று இவனுக்குத் தெரியும். அதைத்தான் சொல்லியிருப்பான்.' குறும்பாகச் சிரித்துத் தேங்குழலை எடுத்து மொறுக்கென்று கடித்தார். "தோற்றாய்!" என்றார். என்றவர், வாயில் தேங்குழல் இருக்கும்போதே, போட்டிதான் முடிந்துவிட்டதே என்று அதிரசத்தையும் எடுத்துக் கடித்துக்கொண்டார்.

அரசியாரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்படியே சொன்னான்! 'அதிரசத்துக்குக் கை போகும், என்னைத் தோற்கடிக்கத் தேங்குழல் பக்கம் திரும்பும், ஜெயித்துவிட்டோம் என்று அதிரசத்தையும் தின்பார்' என்று எழுத்துப் பிசகாமல் சொன்னான்!"

அரசர் வாய் நிறைய அதிரசத்தோடு திகைத்தார்.

"அரசே," என்றான் குழைக்காதன், "எனக்கு முன்னமே தெரியும். அதனால் தங்கள் கையை நான் பிடித்து இழுத்தேனா?"

"இல்லை."

"அந்த அதிரசத்தைத் தின்றது யார்?"

"நான்தான். என் கை, என் வாய், என் ஆசை." சொன்ன கையோடு அரசர் விரலை உயர்த்தினார். "இரு இரு. நீ தவறியும் இருக்கலாம். கடவுள் தவற மாட்டாரே!"

"உண்மைதான். எனக்கு மங்கல் பார்வை, அவருக்குத் தெளிந்த பார்வை. மங்கிய கண்ணால் பார்த்தால் யானை தன் காலால் நடக்கும், நல்ல கண்ணால் பார்த்தால் மட்டும் அந்தக் கண்ணா அதைப் பிடித்துத் தள்ளும்? தங்களோடு சில காலம் பழகிய எனக்கே இவ்வளவு தெரிகிறது. தங்களைப் படைத்தவருக்கு முழுக்கத் தெரியாதா? ஆனாலும் நடப்பது யானைதான் பிரபு."

அரசரின் கை இம்முறை கன்னத்துக்குப் போகவில்லை.

"அப்படியென்றால் கரை நிற்குமா என்பதும் அவருக்குத் தெரியும்."

"தெரியும். கனகராயர் மண் போடுவாரா, தாயம் ஆடவிடுவாரா என்பதும் சேர்த்தே தெரியும். அவருக்குத் தெரிந்தது எது என்பது எனக்குத் தெரியாது. அதைத் தாங்கள்தான் செய்து காட்ட வேண்டும்."

கூர்மநாதர் விடவில்லை. "மண்ணே வேண்டாம்! கரை நிற்கும் என்று நான் கணித்தாகிவிட்டது!"

குழைக்காதன் அவர் காலில் விழாத குறையாகக் கும்பிட்டான். "சோதிடரே, என் வயிற்றில் பால் வார்த்தீர்கள்! கரையடியில் இருக்கும் என் வீட்டை இன்றைக்கே தங்களுக்குத் தருகிறேன். குளிர்ந்த காற்று, கிணறு நிறையத் தண்ணீர். கரைதான் நிற்கப்போகிறதே! மேட்டுத் தெருவிலுள்ள தங்கள் வீட்டுக்கு நானும் பூரணியும் போய்விடுகிறோம்."

"நல்ல யோசனை" என்றார் அரசர், மீசைக்குள் சிரித்தபடி.

கூர்மநாதர் முகம் வெளிறியது. வெளியே எங்கோ இடி உருண்டது. "போகலாம்... போகலாம் மகாராஜா. ஆனால் அதற்கு முன்னால்... கரைக்குக் கொஞ்சம் மண் போட்டுவிட்டால் உத்தமம்..."

கனகராயர் அப்போது சிரித்த சிரிப்பு கோட்டை வாசல் வரை கேட்டதாம். சிரித்துக்கொண்டே எழுந்து, வேட்டியைத் தாறு பாய்ச்சிக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். "வாருங்கள், கரைக்கு! எல்லாரும்!"

அன்று அரசர் மண்வெட்டி பிடித்தார். அரசியார் கூடை தூக்கிவிட்டார். கூர்மநாதர் தலையில் சும்மாடு வைத்து, முனகிக்கொண்டே மண் சுமந்தார். பூரணி நண்டு வளைகளை ஒவ்வொன்றாகக் காட்ட, ஆட்கள் களிமண்ணை இடித்து அடைத்தார்கள். மழை கொட்டக் கொட்ட வேலை நடந்தது. தண்ணீர் ஏறியது; கரை விளிம்பைத் தொடுவது போல் வந்து நின்றது. குழைக்காதன் ஈரக் கரையில் கன்னம் வைத்துப் படுத்து, உள்ளே கசிகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தான். கேட்கவில்லை. உபரித் தண்ணீர் கலிங்கு வழியாகக் குதித்து ஓடத் தொடங்கியதும் பெண்கள் குலவையிட்டார்கள். பூரணி சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை விட்டதும் முதல் மடை திறக்கும் நாள் வந்தது. அது அரசருக்கு மட்டுமே உரிய மரியாதை. அந்த ஆண்டு கனகராயர் பட்டுத் துண்டைக் குழைக்காதன் தலையில் தம் கையாலேயே கட்டி, "நீயும் பூரணியும் திறந்துவிடுங்கள். இனி ஆண்டுதோறும் இது உங்கள் குடும்பத்துக்கு" என்றார்.

இருவரும் மதகுப் பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் பொங்கி வாய்க்காலில் பாய்ந்து, முதலில் நுழைந்தது கூர்மநாதர் வயலில். கரையில் நின்ற அவர் கண் விரியப் பார்த்தார்.

"என்ன குழைக்காதா, உன்னைத் துரத்தப் பார்த்தவர் வயலுக்கா முதல் தண்ணீர்?" என்றார் அரசர்.

"நான் என்ன செய்யட்டும் அரசே? நேற்றே வந்து அவர் வயல் வரப்பை வெட்டி வழி வைத்தது மட்டும்தான் நான். இந்தத் தண்ணீருக்குப் பள்ளம் தெரிகிற அளவுக்குப் பகை தெரியவில்லை."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கூர்மநாதரும், முதலில் சற்றுக் கூச்சத்தோடு, பிறகு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். அந்தப் போகம் சீமையெங்கும் நெல் தலை சாய்ந்து விளைந்தது. அறுத்தவர்கள், அளந்தவர்கள், உண்டவர்கள் எல்லாரும் சுகமாக இருந்தார்கள்.