நூறு கண் மயிலும் எந்தக்குளம் டாட் காடும்

கையில் முருங்கைக்கீரை இருக்கிறது. இதை உருவி முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே, கிட்ட வந்து உட்காருங்கள். கொத்தை இழுக்கக் கூடாது.

ஒரு காட்டில் சிலந்திகள் எல்லாம் ஒன்று கூடி மரத்துக்கு மரம் நூல் கட்டின. இந்தக் கோடியில் தொட்டால் அந்தக் கோடியில் அதிரும், அப்படி ஒரு நூல். தடத்துக்குத் தடம் ஒரு சேம்பு இலையையும் தொங்கவிட்டன.

அந்த இலை முன்னால் நின்று ஒரு பேரைச் சொல்லி நூலைத் தொட வேண்டும். அந்தப் பேருக்கு உரியவர் எழுதி வைத்தது, பனித்துளி எழுத்தாக இலைமேல் வந்து நிற்கும். எழுதியவர் மலைக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருப்பார். எழுத்து இங்கே மினுமினுக்கும். முதல் நாள் அதைப் பார்த்த யானை, வாயில் வைத்த கரும்பை மெல்லவும் மறந்து நின்றதாம். காட்டில் அதற்கு இன்டர்நெட் என்று பேர்.

அந்தக் காட்டில் இரண்டே குளங்கள். ஒன்று பாசிக்குளம், ஒன்று தாழைக்குளம். முதலையும் ஒன்றுதான். ஆனால் இருட்டில் ஊர்ந்து குளம் மாறிவிடும். எந்தக் குளத்தில் கிடக்கிறது என்று தரையில் நடப்பவர்களுக்குத் தெரியாது. மேலேயிருந்து பார்க்கும் மீன்கொத்திக்கு மட்டும் தெரியும்.

போன கோடையில் ஒரு மான்குட்டி முதலையின் வாயில் போனதை மீன்கொத்தி பார்த்துவிட்டாள். கத்தினாள், கத்தினாள், சத்தம் எட்டவில்லை. அதிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. "நான் பார்த்ததைக் காலையில் எழுதிப் போட்டால், காடு முழுக்கப் படித்துவிட்டுத் தண்ணிக்கு வருமே."

எழுதினால் போதுமா? எழுதியதை வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பவர்கள் காட்டில் இரண்டு பேர்.

முதலில் முள்ளம்பன்றியின் வளை வந்தது. வாசலில் ஒரு மரப்பட்டை. "ஹோஸ்டிங் கிடைக்கும். இடம் கொஞ்சம்தான் இருக்கு" என்று கோணல்மாணலாகக் கீறியிருந்தது. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம். மீன்கொத்தி நிற்காமல் பறந்துவிட்டாள்.

நாவல் மரத்தடியில் மயில் இருந்தது. சுற்றிலும் கூட்டம்.

"அண்ணே, எனக்கு ஒரு பக்கம் வைக்கணும்" என்றாள் மீன்கொத்தி.

"பக்கமா? வெப்சைட்டுன்னு சொல்லு தங்கச்சி" என்ற மயில், அப்படியே தோகையை விரித்தது.

காடு மூச்சை இழுத்துப் பிடித்தது. பச்சையும் நீலமும் பொன்னுமாக, வெயில் வந்து ஒவ்வொரு கண்ணிலும் குடியிருந்தது. மீன்கொத்திக்குத் தன் சிறகின் நீலமே அழுக்காகிவிட்டது போலத் தோன்றியது.

"பார்த்தியா? நூறு கண்ணு. ராவும் பகலும் உன் சைட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கும். மானிட்டரிங். பேண்ட்வித் அன்லிமிடெட். சர்வர் எல்லாம் கிளவுட்ல."

மீன்கொத்தி அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் ஒரு வெள்ளை மேகம் போய்க்கொண்டிருந்தது. 'அவ்வளவு உயரத்திலா என் எழுத்து இருக்கப்போகிறது' என்று அவளுக்குச் சிலிர்த்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்க வாயெடுத்தாள். பக்கத்தில் குரங்கு தலையாட்டிக்கொண்டிருந்தது. கிளியும் ஆட்டியது. யானை கூட ஆட்டியது. இத்தனை பேருக்குத் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லையே என்று, அவளும் தலையாட்டிவிட்டாள்.

"டொமைன் வேணுமே, என்ன பேர் வைக்கிறே?"

"எந்தக்குளம் டாட் காடு."

"நல்ல பேரு. சிலந்திகிட்ட நானே போய்ப் பதிஞ்சுக்கறேன். உனக்கு எதுக்கு அலைச்சல்?"

"ரொம்ப நன்றிண்ணே" என்றாள் மீன்கொத்தி.

மறுநாள் காலை, புள்ளிமான் தன் குட்டியோடு இலை முன்னால் வந்து பேரைச் சொன்னது. எழுத்து வந்து நின்றது. "இன்று முதலை தாழைக்குளத்தில். பாசிக்குளத்தில் குடிக்கலாம்."

மானுக்குக் கண் கலங்கிவிட்டது. போன கோடையில் போனது அதன் மூத்த குட்டி. "கண்ணு, யாரோ நமக்காகப் பார்த்துச் சொல்லியிருக்காங்க பாரு" என்று குட்டியிடம் காட்டியது. அன்றிலிருந்து காடு முழுக்க அந்தப் பேரைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணிக்கு நடந்தது.

நாள் போகப் போக வெயில் ஏறியது. மற்றவர்களும் மயிலிடம் சைட்டு வைத்தார்கள். குரங்கின் சேட்டைப் படங்கள், கிளியின் கல்யாணப் பாட்டு, கரடியின் தேன் சமையல், எல்லாவற்றையும் மயில், மீன்கொத்தியின் எழுத்து இருந்த அதே நாவல் மரப் பொந்தில் திணித்தது. "இடம் இருக்காண்ணே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அன்லிமிடெட்" என்றது.

ஒரு நாள் விடியலில் முதலை பாசிக்குளத்துக்கு மாறியிருந்தது. மீன்கொத்தி பார்த்தாள். உடனே எழுதி அனுப்பினாள். வழக்கம்போலப் பாசிக்குளத்து நாணல்மேல் போய் உட்கார்ந்தாள், இன்றைக்கு இந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள் என்ற நிம்மதியோடு.

புதர் விலகியது. மானும் குட்டியும் வந்தன.

"ஐயோ, இலையைப் பார்க்கலையா நீங்க?"

"பார்த்துட்டுத்தானேம்மா வர்றோம். பாசிக்குளத்தில் குடிக்கலாம்னு போட்டிருக்கியே."

பேசிக்கொண்டிருக்கும்போதே குட்டி தண்ணீரில் வாய் வைத்துவிட்டது. அதன் முன்னால் பாசி மெல்லப் பிளந்தது. இரண்டு கண்கள்.

மீன்கொத்தி மீனுக்குப் பாய்வது போல் பாய்ந்தாள். அலகு முதலையின் கண்ணில் இறங்கியது. அது வாயைப் பிளந்து மூடியது. குட்டிக்குப் பதில் வாயில் வெறும் தண்ணீர். கூடவே மீன்கொத்தியின் வால் இறகு ஒன்று.

கரைக்கு வந்த குட்டியின் கால்கள் நான்கும் நான்கு பக்கமும் நடுங்கின. தாய்மான் அதை நக்கிக்கொண்டே நிமிர்ந்து சொன்னது. "உன்னை நம்பித்தானே வந்தேன்."

மீன்கொத்தி நேரே நாவல் மரத்துக்குப் பறந்தாள். மானும் குட்டியும் பின்னால் ஓடின. விஷயம் கேள்விப்பட்டு யானையும் காட்டெருமையும் குரங்கும் வந்து சேர்ந்தன.

"அண்ணே, நான் இன்னிக்கு எழுதினது இலைக்கு வரலை. நேத்து எழுதினதே நிக்குது."

"சர்வர் கொஞ்சம் பிஸி தங்கச்சி" என்றது மயில்.

மீன்கொத்தி வழக்கம்போலத் தலையாட்டப் போனாள். நடுங்கிக்கொண்டிருந்த குட்டி கண்ணில் பட்டது. ஆட்டவில்லை.

"சர்வர்னா என்னண்ணே?"

யானை ஆட்டப்போன தலையை நிறுத்திக்கொண்டது.

"அது... டெக்னிக்கல்."

"டெக்னிக்கல்னா?"

மயில் சுற்றுமுற்றும் பார்த்தது. யானை மெல்லக் கனைத்தது. "எனக்கும் தெரியாதுப்பா. எல்லாரும் ஆட்டினாங்களேன்னு ஆட்டினேன்."

"நானும்தான்" என்றது காட்டெருமை.

மீன்கொத்தி பறந்துபோய் மயிலின் தோகை முன்னால் நின்றாள். ஒரு கண்ணுக்கு நேராகச் சிறகை ஆட்டினாள். அது இமைக்கவில்லை. அடுத்த கண்ணுக்கு ஆட்டினாள். அதுவும் இமைக்கவில்லை.

"அண்ணே, இந்தக் கண்ணெல்லாம் பார்க்குமா?"

"பார்க்க... நல்லா இருக்கும்" என்றது மயில்.

குரங்கு சிரித்துவிட்டது. மயிலுக்குக் கோபம் வந்தது.

"பிடிக்கலைன்னா வேற இடம் பார்த்துக்க. ஆனா எந்தக்குளம் டாட் காடுங்கிற பேரை நான் பதிஞ்சிருக்கேன், என் பேர்ல. காட்டுக்கு அந்தப் பேர்தான் தெரியும். நீ எங்க போய் எழுதினாலும், அவங்க சொல்ற பேர் என் பொந்துக்குத்தான் வரும். நேத்து எழுதினதோ முந்தாநாள் எழுதினதோ, அதைத்தான் படிப்பாங்க."

மீன்கொத்தி நினைத்துப் பார்த்தாள். நாளைக்கும் ஒரு குட்டி இலையைப் படித்துவிட்டு முதலையிடம் போகும். அவளுடைய பேரை நம்பியே போகும். என்ன செய்வாள்?

மயிலின் முன்னால் தரையில் இறங்கி உட்கார்ந்தாள். பிறகு பணிவாகச் சொன்னாள்.

"சரிண்ணே. பேர் உங்களுதே. நான் சண்டைக்கு வரலை. ஒரே ஒரு வரி மட்டும் அடியில போட்டுடுங்க."

"என்ன வரி?"

"இதில் வரும் செய்திக்கு மயிலே பொறுப்பு. முதலை யாரையாவது பிடித்தால் மயிலைக் கேட்கவும்."

காட்டெருமை கொம்பைத் தாழ்த்தி மண்ணைக் கீறியது. "எங்க இருப்பாருன்னும் போடச் சொல்லு புள்ள. நாங்க வந்து கேட்க வசதியா இருக்கும்."

"நாவல் மரம்னு போட்டாப் போதும்" என்றது யானை. "மரத்தை நான் அடையாளம் கண்டுபிடிச்சுப் பிடுங்கிக்கறேன்."

தோகை மளமளவென்று மடங்கியது.

"தமாஷுக்குச் சொன்னேன் தங்கச்சி. உன் பேரு எனக்கெதுக்கு? இப்பவே சிலந்திகிட்டப் போய் உன் பேர்ல மாத்தச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு மயில் அன்றைக்கு ஓடியது போல் எந்த மழைக்கும் ஓடியதில்லை.

மீன்கொத்தி முள்ளம்பன்றியின் வளைக்குப் போனாள். இந்த முறை குறட்டை நிற்கும் வரை கூப்பிட்டாள்.

"யாரது?" என்று தூக்கக் கண்ணோடு வந்தது முள்ளம்பன்றி.

"மாமா, கொஞ்சம் கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது. சர்வர்னா என்ன?"

"உன் எழுத்து படுத்திருக்கிற இடம். இதோ, இந்த வளை."

"பேண்ட்வித்?"

"வாசலோட அகலம். ஒரே நேரத்தில எத்தனை பேர் வந்துபோகலாம்ங்கிறது. என்னுது சின்னது. காடே வந்தா முட்டும். இன்னொரு வாசல் தோண்டணும், அதுக்கு நாளாகும். இப்பவே சொல்லிட்டேன்."

"கிளவுட்னு ஒண்ணு மேலே இருக்காமே?"

"மேலயா? அதுவும் தரையில யாரோ ஒருத்தன் வளைதான் புள்ள."

"மழை வந்து உங்க வளை மூழ்கிட்டா?"

"மேட்டுல இன்னொரு வளை இருக்கு. எழுதினதுக்கெல்லாம் அங்க ஒரு நகல் வைப்பேன். பேக்கப்னு சொல்லுவாங்க."

"நின்னுபோனா யாரைக் கூப்பிடறது?"

"என்னைத்தான். தூங்கிட்டிருந்தாத் தட்டு. எந்தப் பக்கம் தட்டறேன்னு பார்த்துத் தட்டு."

மீன்கொத்தி சிரித்தாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள். "புது எழுத்து வந்து சேரலைன்னா, பழசைக் காட்டுவீங்களா மாமா?"

முள்ளம்பன்றி யோசித்தது. "காட்ட மாட்டேன். இலை வெறும் இலையா இருக்கும். வெறும் இலையைப் பார்த்தா ஒருத்தரும் தண்ணியில கால் வைக்க மாட்டாங்க."

இந்த முறை மீன்கொத்தி தலையாட்டினாள்.

மறுநாள் விடிந்தது. மான்குட்டி முதலில் வர மறுத்தது. தாய் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. இலை முன்னால் நின்று பேரைச் சொன்னது. நூல் அதிர்ந்தது. ஒவ்வொரு துளியாக வந்து இலைமேல் உட்கார்ந்தது. "இன்றும் முதலை பாசிக்குளத்தில். தாழைக்குளத்தில் குடிக்கலாம்."

குட்டி தாழைக்குளத்தில் வயிறு முட்டக் குடித்தது. தண்ணீர் அசையவில்லை. காட்டுக்கு அந்தக் கோடியில், பாசிக்குளத்து நாணல்மேல், ஒரு நீலப் புள்ளி காவலிருந்தது. இங்கிருந்து பார்த்தால் தெரியாது.

"அம்மா, அவங்க அங்க இருக்காங்க. அவங்க சொன்னது மட்டும் எப்படி இங்க வந்துச்சு?" என்று வாயில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டது குட்டி.

முன்பென்றால் தாய்மான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கும். அன்று இலையையும் பார்த்தது, நூல் போகும் திக்கையும் பார்த்தது.

"எனக்குத் தெரியலையே கண்ணு. வா, போய்க் கேட்போம்."

நீதி: புரியாத சொல்லுக்குத் தலையாட்டாதே, என்னவென்று கேட்டுவிட்டுப் பிறகு ஆட்டு. கேட்க வெட்கமாக இருக்கிறதா, எனக்கும் அப்படித்தான் இருக்கும், அப்போது நான் என்ன செய்வேன் என்றால், முதலில் மெதுவாக... இதோ வர்றேன் அத்தை, பால் பொங்கிடாம நீங்க கொஞ்சம்...