சாம்பல் மெருகு

வெள்ளூற்று என்னும் ஊருக்கு மேற்கே ஒரு ஜாடிச் சூளை இருந்தது. சுற்றுவட்டாரத்து வீடுகளில் ஊறுகாயும் உப்பும் வைக்கிற ஜாடிகள் அங்கேதான் வெந்து வரும். அந்தச் சூளையில் மெருகுத் தொட்டி கலக்குவது ஆவுடையம்மையாரின் வேலை. விறகுச் சாம்பலைச் சலித்து, வெள்ளைக் களிமண்ணோடு சேர்த்து அரைத்து, தயிர்ப் பதத்தில் கரைப்பார். காய்ந்த ஜாடியை அதில் முக்கி எடுத்து வரிசையாக அடுக்குவார். முக்கி எடுத்த ஜாடி சேறு அப்பினாற்போல் மங்கிக் கிடக்கும். இரண்டு நாள் தீயில் இருந்து வந்த பிறகுதான் அதில் முகம் பார்க்கலாம்.

அவ்வூர்ச் சிவனுக்கு அழல்வண்ணநாதர் என்று பெயர். ஆவுடையம்மையார் ஒவ்வொரு ஜாடியை முக்கும்போதும் “அழல்வண்ணா” என்று ஒருமுறை சொல்வார். மண்ணுக்குத் திருநீறு பூசித் தீயிடம் ஒப்படைப்பதாகவே அவருக்கு எண்ணம். வேறு பூசை அவர் அறியார். பூ வாங்கவும் வசதியில்லை.

அவருடைய கணவர் தவசி அதே சூளையில் தீ போடுகிறவர். ஓர் ஐப்பசி மழையில் ஊறியிருந்த சூளையின் வளைவு, அவர் உள்ளே நின்றபோதே இடிந்து விழுந்தது. தோண்டி எடுத்தபோது உச்சி முதல் உள்ளங்கால் வரை சாம்பல் மூடியிருந்தது. அம்மையார் தம் முந்தானையால் அந்த முகத்தை மட்டும் துடைத்தார். அழவில்லை. பதினேழாம் நாள் மறுபடி தொட்டி முன் வந்து உட்கார்ந்து, “அழல்வண்ணா” என்று முதல் ஜாடியை முக்கினார்.

கூட வேலை பார்த்த சுடலிக்கு அது பொறுக்கவில்லை. “புருசனை முழுங்கின சூளை. அதுக்குப் போயி இன்னும் சாமி பேரு சொல்றியே, உனக்கு நெஞ்சா கல்லா?” என்று கேட்டாள்.

“அவரு போன இடத்துலயும் அவன்தானே மதினி இருக்கான்? நான் பேரை விட்டுட்டா அவருக்குத் துணை யாரு?” என்றார் அம்மையார்.

நெருப்பருகே கழிந்த காலமெல்லாம் அவர் கண்களில் இறங்கியது. முன்பே மங்கிவந்த இரண்டு கருவிழியிலும் அந்த மழைக்காலத்துக்குள் பால் போல் படலம் மூடியது. கை தடவித்தான் ஜாடியை எடுத்தார். “ஆவுடை ஜாடிக்கு மட்டுமா மெருகு போடுறா? தன் கண்ணுக்கும் போட்டுக்கிட்டா!” என்று ஊரார் சிரித்தார்கள். அம்மையாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

புதிதாகக் கட்டிய வளைவில் முதல் சூளை வெந்து ஆறியது. ஓர் உச்சிவேளையில் திறந்தார்கள். நாற்பது ஜாடிகள், ஒன்றுகூட விரிசல் விடவில்லை. மெருகு இருண்ட தேன் நிறத்தில் இறங்கியிருந்தது. சூளைக்கு உடையவரான உலகநாத வேளார் ஒரு ஜாடியைத் தூக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்பதும் தெரிந்தது. மேலெல்லாம் சாம்பல், முகம் விளங்கவில்லை.

வேளார் திரும்பிப் பார்த்தார். வெறும் முற்றம். வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு காக்கை கூட இல்லை. மறுபடி ஜாடியைப் பார்த்தார். அந்த உருவம் முன்னைவிடச் சற்று நெருங்கியிருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் சூளையில் இருந்த எல்லாரும் பார்த்துவிட்டார்கள். எந்த ஜாடியை யார் பார்த்தாலும் முதுகுக்குப் பின்னால் அதே உருவம். மூச்சுக்காற்று பிடரியில் பட்டது என்றார்கள் சிலர். சுடலி அலறிக்கொண்டு ஓடினாள். “தவசிதான்! சாம்பலோட எழுந்து வந்துட்டான்!”

அம்மையார் தடுமாறி எழுந்தார். ஒரு ஜாடியைக் கண்ணோடு ஒட்ட வைத்துக்கொண்டார். வெயில் பக்கம் திருப்பினார், நிழல் பக்கம் திருப்பினார். மங்கலான ஒரு பழுப்பைத் தவிர ஒன்றும் புலப்படவில்லை. கணவர் மறைந்த நாளிலும் கலங்காதவர் அப்போது உட்கார்ந்து அழுதார். “எல்லாருக்கும் தெரியுறீக, எனக்குத் தெரியலையே. தவசியா நீங்க? வேற யாரு?” என்று ஜாடியிடமே கேட்டார். ஜாடி கைக்குள் மெல்ல அதிர்ந்தது.

மறுநாள் வேளார் எல்லாவற்றையும் உடைக்கச் சொன்னார். ஓர் ஆள் சம்மட்டியால் முதல் ஜாடியை அடித்தான். அது ஏழெட்டுச் சில்லாகச் சிதறியது. குனிந்து பார்த்தவன் சம்மட்டியைப் போட்டுவிட்டான். ஒவ்வொரு சில்லிலும் அந்த உருவம் முழுதாக நின்றது. அதற்குமேல் உடைக்க யாருக்கும் துணிவில்லை.

“மிச்சத்தை ஆத்துல இறக்கிருங்க. ஆவுடை, உன் மேல தப்புன்னு சொல்லலை. ஆனா நீ இனி தொட்டிப் பக்கம் வரவேண்டாம்மா, எனக்குப் பயமா இருக்கு” என்றார் வேளார்.

“சரிங்கய்யா. ஆத்துல போடுறதுல ஒண்ணு எனக்குக் குடுங்க.”

“அதை வச்சு என்ன பண்ணப்போறே?”

“கோயிலுக்குக் குடுக்கணும். இத்தனை வருசத்துல ஒண்ணுகூடக் குடுத்ததில்லை.”

ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலிகளைத் தடவித் தடவி, அம்மையார் கோயில் வாசலுக்கு வந்தார். உச்சிக்காலப் பூசைக்கு நேரம். சபேச குருக்கள் அந்த ஜாடியைக் கண்டதும் பின்வாங்கினார். “ஊரே அஞ்சற பாத்திரம். இதையா சுவாமிக்குக் கொண்டு வந்தே?”

“மண்ணும் சாம்பலும்தான் சாமி. அவன் பேரைத் தவிர வேற எதையும் அதுல நான் கலக்கலை.”

சுவாமி பேரைக் கேட்டதும் குருக்கள் வாங்கிக்கொண்டார். அம்மையாரை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டுக் கிணற்றில் நீர் நிரப்பிக் கருவறைக்குள் போனார். தீபத்தைத் தூண்டுவதற்காக லிங்கத்துக்கு முதுகு காட்டித் திரும்பியபோது கண் ஜாடியின் மேல் விழுந்தது. சுடர் வெளிச்சத்தில் அவர் முகம் தெரிந்தது. பின்னால் லிங்கம் தெரியவில்லை. லிங்கம் இருந்த இடத்தில் அந்தச் சாம்பல் மேனி நின்றது.

குருக்களுக்குத் திரும்பக் கழுத்து வளையவில்லை. ஜாடிக்குள் இருந்த நீர் தானாகச் சுழன்றது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆழத்துக் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போன்ற குரல்.

“நாற்பது முறை வந்து நின்றேன். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. சொல்லக்கூடியவளை வாசலில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறாயே.”

ஒருவாறு திரும்பினார். லிங்கம் இருந்த இடத்தில் இருந்தது. கை நீட்டித் தொட்டார். கல் அனலாகச் சுட்டது.

குருக்கள் ஓடினார். மேலாடை விழுந்ததும் தெரியாமல் வாசலுக்கு ஓடி, அம்மையாரின் முன் கைகூப்பினார். “அம்மா, வாங்கோ. உங்களைத்தான் கூப்பிடறார்.” சற்றுமுன்வரை அவரை ஒருமையில் அழைத்த வாய் அது.

அம்மையார் கருவறைப் படி வரை வந்து நின்றார். வேளாரும் சுடலியும் இன்னும் பலரும் சேதி கேட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அம்மையாரின் வெளுத்த விழிகள் இருட்டையே பார்த்திருந்தன. பிறகு அவர் முகம் மலர்ந்தது.

“என்னம்மா தெரியறது?” என்று குருக்கள் மெல்லக் கேட்டார்.

“எல்லாரும் முதுகுக்குப் பின்னாலன்னு சொன்னாக. இல்லை சாமி, எனக்கு முன்னாலதான் நிக்குறாரு. வாங்கய்யா, வாங்க” என்றார்.

அந்தச் சொல் விழுந்ததும் எல்லாருடைய பிடரியிலும் இருந்த குளிர் விலகியது என்று அன்று அங்கே நின்றவர்கள் சொல்வதுண்டு. ஆற்றங்கரைக்குப் போயிருந்த ஜாடிகளை வேளார் தாமே தலையில் சுமந்து திரும்பக் கொண்டுவந்தார். அவற்றில் பிறகு பார்த்தவர் முகம் மட்டுமே தெரிந்தது. அம்மையாரின் கண்களுக்கு ஒளி திரும்பவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை.

கண்டவரெல்லாம் அஞ்சி ஓடியபோது, கண்ணால் காணாமலே அழல்வண்ணநாதரை வரவேற்ற ஆவுடையம்மையாரின் திருவடிகள் நம் தலைமேல் இருக்கட்டும்.