மகுடநாதர் கேட்ட மாந்தோப்பு

முன்னொரு காலத்தில் ஆம்பலூர் நாட்டை மருதவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். யாரையும் நம்பாத ராஜா. பால் வெள்ளையாக இருந்தால்கூட, "ஏன் இவ்வளவு வெள்ளை?" என்று கேட்பார்.

ஊர் நடுவே நாகனோடை சாக்கடையாகி நாறிக் கிடந்தது. மந்திரி அறவாழி ராஜாவைச் சம்மதிக்க வைத்து, சேற்றை வாரி, கரையில் மருதமரங்கள் நட்டு, மறுபடி தெளிந்த நீர் ஓடச் செய்தார். ஊரே அவரைப் புகழ்ந்தது. பொக்கிஷ அதிகாரி மகுடநாதருக்கு வயிறு எரிந்தது.

"அரசே, மந்திரி உங்கள் பொன்னைத் தண்ணீரில் கரைத்துவிட்டார். கரையில் ஒரு வீட்டுக்காவது மதிப்பு ஏறியதா? நானே அங்கேதான் குடியிருக்கிறேன். துளிகூட ஏறவில்லை!" என்று சபையில் கோள் மூட்டினார் மகுடநாதர்.

ராஜா மந்திரியை ஓரக்கண்ணால் பார்த்தார். "உமக்கும் கரையில் வீடு உண்டாமே?"

"இருந்தது, அரசே."

"இருந்ததா, இருக்கிறதா?"

"இருந்தது."

ராஜாவுக்குச் சந்தேகம் கூடியது. "மதிப்பு எவ்வளவு ஏறியதென்று நாளைக்கே நிரூபியும். இல்லையென்றால் ஓடையை மூடிக் குதிரை லாயம் கட்டுவேன். நீரும் வேறு நாடு பார்த்துக்கொள்ளும்."

மறுநாள் கரைவாசிகளைச் சபைக்கு அழைத்தார்கள். வரி போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்குப் பயம்.

"நாத்தம் போகவே இல்லை சாமி!"

"சும்மா கொடுத்தாலும் எவனும் வாங்கமாட்டான்!"

மகுடநாதர் மீசையைத் தடவிக்கொண்டார். அறவாழிக்கு உள்ளே ஓர் உறுத்தல். ஊருக்காகச் செய்தேனா, பெயருக்காகச் செய்தேனா? அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தார்.

"பாவம் அரசே, இவ்வளவு கஷ்டமா! சுண்ணாம்புக்காரத் தெருவில் இதே அளவு வீடுகள் காலியாக இருக்கின்றன. ஓடை மட்டும்தான் இல்லை. இன்றே இவர்களை அங்கே மாற்றிவிடலாம்."

கரைவாசிகள் அலறிவிட்டார்கள்.

"வேண்டாம் சாமி!" என்றாள் ஒருத்தி.

"ஒரு ஜோடி மாடு சேர்த்துக் கொடுத்தா போறேன்," என்றான் செக்குக்காரன்.

மகுடநாதர் பதறினார். "அந்த வீடும் என் வீடும் ஒன்றா? கூடவே ஒரு மாந்தோப்பு கொடுத்தால்தான் கிளம்புவேன்!"

"வீடு ஒன்றுதான் அரசே," என்றார் அறவாழி. "மேற்கொண்டு கேட்கிறாரே, அந்தத் தோப்புதான் ஓடை ஏற்றிய மதிப்பு."

ராஜா விடவில்லை. "ஓடை நாறியபோதும் இவருடைய வீடு உசத்தியாகவே இருந்திருந்தால்?"

"அதை இவருக்கு விற்றவனே நான்தான், அரசே. வைத்திருந்தால் என்னைச் சந்தேகிப்பீர்களே என்று, வேலை தொடங்குமுன் விற்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டே பேரம் பேசி, ஒரு கிழட்டு எருமையைக் கொடுத்து வாங்கினார்."

"எருமை இருக்கிறதா?"

"இருந்தது, அரசே."

ராஜாவே சிரித்துவிட்டார். அவர் உத்தரவுப்படி மகுடநாதர் அன்றைக்கே சுண்ணாம்புக்காரத் தெருவுக்குக் குடிபோனார், தோப்பு இல்லாமல்.

"ஓடை இருக்கட்டும். அந்தக் கரை வீடும் இனி உம்முடையது," என்றார் ராஜா.

"ஓடை போதும், அரசே," என்றார் அறவாழி. "அந்த வீட்டில் நான் ஒரு நாள் தூங்கினால், மறுநாளிலிருந்து உங்களுக்குத் தூக்கம் வராது."