பழம் சொல்லாத பபுள் டீ

ஒரு ஊர்ல ஒரு அக்கா தங்கச்சி இருந்தாங்க. ஊரு ஆத்தூர் பக்கம். அக்கா பேரு தவமணி, தங்கச்சி பேரு பூங்கொடி. ரெண்டு பேருக்கும் அம்பது வயசு தாண்டிடுச்சு. எழுந்திரிக்காத யாழி, படுத்துக்கிட்டே கேளு. ஏன், அம்பது வயசு ஆளுங்களுக்குக் கதை இருக்கக் கூடாதா? அத்தைக்கு என்ன வயசுன்னு நெனச்ச? ம் மட்டும் சொல்லு. குறுக்க குறுக்க கேள்வி கேட்டா லைட்டை அணைச்சுட்டுப் போயிடுவேன்.

"ம்."

ஆங். ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து வீட்டுல கட்டிக் குடுத்திருந்தாங்க. நடுவுல ஒரு குட்டைச் சுவரு, இடுப்பு உசரம்தான். காலையில அந்தச் சுவத்து மேல தோசை போகும், பதிலுக்குச் சட்னி வரும். மத்தியானம் குழம்பு போகும், ரசம் வரும். சண்டையும் அது மேலதான் போகும், வரும்.

அப்புறம் ஒருநாள் ரெண்டு பேரும் சேலை எடுக்கச் சேலத்துக்குப் போனாங்க. அங்க ஒரு பெரிய மாலு. மாலுக்குள்ள ஒரு கடை. கடையில பிளாஸ்டிக் டம்ளர்ல டீ, டீக்கு அடியில கறுப்பு கறுப்பா முத்து. பபுள் டீயாம். அதுல பழச்சாறு வேற ஊத்தித் தர்றாங்க. ரெண்டு பேரும் ஒண்ணே ஒண்ணு வாங்கி, ரெண்டு ஸ்ட்ரா போட்டு, சொர்ர்ர்ருன்னு உறிஞ்சினாங்க. முத்து குழாய் வழியா வந்து டொப்பு டொப்புன்னு வாய்க்குள்ள விழுது. தவமணி மென்னு பார்த்தா. நெத்தியைச் சுருக்கிக்கிட்டு இன்னும் கொஞ்சம் மென்னா. "அடியே, இது நம்ம கிழங்குடி"ன்னா.

நெசமாவே கிழங்குதான். அவங்க ஊர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் மரவள்ளிக் காடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜவ்வரிசி ஆலை. அந்த மாவுலதான் இந்த முத்தையும் உருட்டுறாங்க. "இதென்ன பெரிய வித்தை, நான் வீட்டுலயே செய்வேன்"னா தவமணி.

அதுக்குப் பூங்கொடி, அத்தனை பேர் முன்னாடி, "நீ வைக்கிற பாயசத்தையே நாங்க கத்தியால வெட்டித்தான் திங்கிறோம்"னா.

கடையில இருந்தவங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. தவமணிக்கு மூஞ்சி செவந்துபோச்சு. அங்கேயே, நடுக்கடையில, சுண்டுவிரலை நீட்டி "கா"ன்னுட்டா. பூங்கொடி மட்டும் சும்மாவா இருப்பா? "போடி, நானும் கா"ன்னா. திரும்பி வரும்போது பஸ்ல ஆளுக்கொரு மூலை.

கா விட்டா பேசக் கூடாது. யாராவது ஒருத்தர் பழம்னு சொன்னாத்தான் மறுபடி பேசலாம். உங்க ஸ்கூல்ல எந்த விரலை நீட்டுவீங்களோ எனக்குத் தெரியாது, ஆனா சட்டம் எல்லா ஊர்லயும் இதுதான். முதல்ல பழம்னு சொல்றவ தோத்தவ. அதனால ரெண்டு பேருமே சொல்லல. சுவத்து மேல தோசை போகல, சட்னி வரல. தவமணி வீட்டுக்காரர் சடையப்பன் வெறும் தோசையைத் தின்னுட்டு "நல்லா இருக்கு"ன்னார். அவர் எதைக் குடுத்தாலும் அதேதான் சொல்வார். அதே குரல்ல சொல்வார்.

"ம்."

அப்போ பால்காரர் ஒரு சேதி கொண்டு வந்தார். பூங்கொடி பரோடாவுக்குப் போறாளாம். மகன் அங்க வேலையில இருக்கான், வந்து கூட்டிட்டுப் போறானாம். இனிமே அங்கேயேதானாம். ஆடி பொறந்துட்டா குடி போகக் கூடாது இல்லியா, அதனால ஆனி முடியறதுக்குள்ள ரயில் ஏறுறா.

தவமணி வாங்கின பாலை அப்படியே கீழ வெச்சுட்டா. ஏன்னா கா விட்டவங்கள்ல ஒருத்தர் ஊரை விட்டே போயிட்டா அந்தக் கா வெம்பிப்போயிடும். அப்புறம் பழுக்கவே பழுக்காது. தங்கச்சி ரயில் ஏறுறதுக்குள்ள பழம் விட்டாகணும்.

"நீயே சொல்லிடேன்"னார் சடையப்பன்.

"நானா? நான் அக்காங்க. அவதான் சொல்லணும்"னா தவமணி. சொல்லிட்டு சமையக்கட்டுக்குள்ள போயி யாருக்கும் தெரியாம மூக்கைச் சிந்தினா.

சிந்தும்போதே ஒரு யோசனை வந்துச்சு. பழச்சாறு போட்ட பபுள் டீ செஞ்சு சுவத்து மேல வெச்சா என்ன? பூங்கொடிக்கு நாக்கு நீளம், கண்டிப்பா குடிப்பா. குடிச்சவ, இது என்ன பழம்னு கேக்காம இருப்பாளா? கேட்டா வாயில பழம் வந்துடும். வந்துட்டா பழம் விட்டதாத்தான் கணக்கு. தவமணி முந்தானையை இழுத்துச் செருகினா.

மொதல்ல வீட்டுல இருந்த ஜவ்வரிசியை அப்படியே போட்டு வேக வெச்சா. பொளக்... பொளக்... பொளக்... இவ பக்கத்துலயே நின்னு, முத்து எப்போ கறுக்கும் எப்போ கறுக்கும்னு பார்க்குறா. ஜவ்வரிசி என்னைக்குடி கறுத்துச்சு? அது கரைஞ்சு கூழாயிடுச்சு. கரண்டியைத் தூக்கினா பாத்திரமும் கூடவே வருது. சடையப்பன் ஒரு வாய் தின்னுட்டு "நல்லா இருக்கு"ன்னார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கிட்டதால கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொன்னார். மிச்சத்தைக் கொட்ட மனசு வராம மொட்டை மாடியில வடாமா ஊத்திட்டா.

அப்புறம் கிழங்கு மாவு வாங்கிட்டு வந்தா. பச்சைத் தண்ணியை ஊத்திப் பிசைஞ்சா. அந்த மாவு இருக்கே, இறுக்கிப் பிடிச்சா கல்லு மாதிரி இருக்கு, உருட்டலாம்னு கையை விரிச்சா விரல் சந்துல சொளசொளன்னு ஓடுது. பிடிச்சா கல்லு, விட்டா தண்ணி. "அப்படியே என் தங்கச்சி குணம்"னு சொல்லிட்டு அதையும் ஓரமா வெச்சா. சடையப்பன் அதுலயும் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். என்ன சொன்னார்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

மூணாவது தடவைதான் அவளுக்கு உறைச்சுது. கொழுக்கட்டைக்கு மாவு கிளறும்போது பச்சைத் தண்ணியா ஊத்துறோம்? அப்போ கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைச்சு, வடிகட்டி, தளதளன்னு கொதிக்கக் கொதிக்க மாவுல ஊத்திக் கிளறினா. கை பொறுக்கிற சூடு வந்ததும் நல்லா அழுத்திப் பிசைஞ்சு, சுண்டைக்காய் சைசுக்கு உருட்டி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம மாவுல பொரட்டினா. கொதிக்கிற தண்ணியில போட்டா. எல்லாம் முங்குச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா மிதந்துச்சு. மிதந்த உடனே எடுத்துட்டா நடுவுல மாவு வெந்திருக்காது, அதனால இன்னும் கொஞ்சம் வேக விட்டு, அரிச்செடுத்து, கருப்பட்டிப் பாகுல ஊறப் போட்டா. மினுமினுமினுன்னு கறுப்பு முத்து. தவமணி ஒண்ணை வாயில போட்டுப் பார்த்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. சேலத்துல குடிச்சதை விட நல்லா இருந்துச்சு.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

சரி. இன்னும் ஒரு தொல்லை. அந்த ஊர்க் கடையில இருக்கிறது எளனிக்குப் போடுற சின்ன ஸ்ட்ரா. அதுல இந்த முத்து எப்படிப் போகும்? அப்போ தவமணி கொல்லையில இருந்த பப்பாளி மரத்துல ஒரு இலையைக் காம்போட ஒடிச்சா. பப்பாளிக் காம்புக்குள்ள ஓட்டையா இருக்கும், ஊதினா பீப்பீன்னு சத்தம் வரும். அதை வெட்டி, பால் போகக் கழுவி, வெந்நீர்ல அலசிட்டா. குழாயும் ரெடி.

மொத நாள் மாம்பழம். பால் ஊத்தாத டீயை ஆற வெச்சு, மாம்பழத்தைப் பிழிஞ்சு கலந்து, அடியில முத்தைப் போட்டு, சுவத்து மேல வெச்சா. பூங்கொடி மூட்டை கட்டிக்கிட்டு இருந்தவ வெளியில வந்து பார்த்தா. இந்தப் பக்கம் பார்த்தா, அந்தப் பக்கம் பார்த்தா, டம்ளரை எடுத்துட்டா. சொர்ர்ர்... டொப்பு. சொர்ர்ர்... டொப்பு.

கா விட்டிருக்கிறதால தவமணி நேரா கேக்க முடியாது. அதனால சுவத்துக்கிட்ட கேட்டா. "சுவரே சுவரே, இதுல என்ன போட்டிருக்குன்னு உனக்குத் தெரியுதா?"

பூங்கொடி வாயைத் திறந்தா. திறந்தவ சட்டுனு மூடிக்கிட்டா. விவரமானவ இல்ல? கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சுவரே, சொல்லிடு. மேங்கோ"ன்னா.

மேங்கோவாம்! பொறந்ததுலேர்ந்து மாம்பழம்னு சொன்ன வாயி. தவமணி வெடுக்குன்னு டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

அப்புறம் கொல்லிமலை அன்னாசி வாங்கிப் பிழிஞ்சு வெச்சா. பூங்கொடி குடிச்சா. "சுவரே, பைனாப்பிள்"னா. கூடவே, "சுவரே, டீத்தூள் கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லு"ன்னும் சொல்லிட்டுப் போனா. என்னா கொழுப்பு பாரு.

தவமணிக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. இங்கிலீஷே இல்லாத ஒரு பழம் வேணுமே! விடிஞ்சதும் ரோட்டோரம் ஒரு அம்மா கூடையில நாவப்பழம் வெச்சு உக்காந்திருந்தாங்க. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேருன்னு பூங்கொடிக்குத் தெரியாது. தவமணிக்கும் தெரியாது. அத்தைக்கும் தெரியாது, கேக்காத.

அன்னைக்குத்தான் பூங்கொடி ஊருக்குக் கிளம்புற நாள். சாயங்காலம் ஆட்டோ வந்துடும். தவமணி கொட்டையை எடுத்து, பழத்தைப் பிசைஞ்சு, சாறு எடுத்து, டீயில கலந்தா. கத்தரிப்பூ நிறத்துல ஒரு டீ. சுவத்து மேல கொண்டு வந்து வெச்சா. இதுதான் கடைசி டம்ளர். இதுக்கும் சொல்லலேன்னா தங்கச்சி காவோடதான் ரயில் ஏறுவா.

பூங்கொடி வந்தா. ஒரு இழுப்பு இழுத்தா.

"சுவரே சுவரே, இதுல என்ன போட்டிருக்கு?" தவமணி கேட்டா.

பூங்கொடி யோசிச்சா. வானத்தைப் பார்த்தா. வாயைத் திறந்தா. தவமணி காதைத் தீட்டிக்கிட்டா.

பூங்கொடி நாக்கை நீட்டினா.

ஊதா நாக்கு. அவ்ளோதான். உள்ள இழுத்துக்கிட்டு மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டா.

தவமணிக்கு அழுகை அழுகையா வந்துச்சு. "போகட்டும், எக்கேடும் கெட்டுப் போகட்டும்"னு திரும்பி நடந்தா. நடக்கும்போது பின்னாடி சத்தம் கேக்குது. சொர்ர்ர்... டொப்பு. சொர்ர்ர்ர்ர்... டொப்பு. சொர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

அப்புறம் சத்தமே இல்ல.

தவமணி திரும்பிப் பார்த்தா. பூங்கொடி கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. கண்ணு ரெண்டும் பிதுங்குது. "க்... க்..."ங்கிறா. பப்பாளிக் குழாய் பெரிய குழாய் இல்ல? முத்து ஒரே ஓட்டமா தொண்டைக்குப் போயிடுச்சு.

அம்பது வயசு தாண்டின பொம்பளை, சேலையை வாரிச் சுருட்டிக்கிட்டு அந்தச் சுவத்தைத் தாண்டினா பாரு! தாண்டி, தங்கச்சியைக் குனிய வெச்சு, முதுகுல ஒண்ணு வெச்சா. தொம்! "துப்புடி!" இன்னொண்ணு. தொம்! "துப்புடி பாவி!" மூணாவது தொம்ல முத்து டுப்புன்னு பறந்து, சத்தம் கேட்டு ஓடி வந்த சடையப்பன் மூக்குக்கண்ணாடியில போயி ஒட்டிக்கிச்சு. அவர் ஒண்ணும் சொல்லல.

தவமணி தங்கச்சியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மண்ணுல உக்காந்துட்டா. ஓன்னு அழுதா. "பழம்டி! பழம், பழம், பழம்! நானே தோத்தவளா இருந்துட்டுப் போறேன். நீ பரோடா போ, எங்க வேணும்னாலும் போ, மூச்சை மட்டும் விடுடி. நீ இல்லேன்னா நான் யாருகூடடி சண்டை போடுவேன்?"

பூங்கொடி மூச்சை இழுத்து இழுத்து விட்டா. முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சா. அப்புறம் அக்கா மூஞ்சியையும் தொடைச்சுவிட்டா. ரெண்டு விரலைச் சேத்து நீட்டி, "பழம்"னா. "ஆனா நீதான் முதல்ல சொன்ன"ன்னா.

சாயங்காலம் ஆட்டோ வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாய் மூடல. அக்கா ரயிலடி வரைக்கும் கூடவே போனா. பூங்கொடி பரோடா போயி எறங்கினதும் போன் பண்ணினா. இப்பவும் தினம் பண்றா. போன்ல முக்கால்வாசி நேரம் சண்டைதான்.

என்ன? கண்ணைத் திறந்துட்டியா? நெசமாவே தொண்டையில அடைச்சுதா, இல்ல நடிச்சாளான்னா?

நல்லா கேட்ட. தவமணிக்கும் அதே சந்தேகம்தான். சடையப்பன் கண்ணாடியிலேர்ந்து அந்த முத்தை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா. பல்லே படாம முழுசா இருந்துச்சு. நேரா தொண்டைக்கு ஓடின முத்துன்னும் சொல்லலாம், கன்னத்துல அடக்கி வெச்சிருந்த முத்துன்னும் சொல்லலாம். ஒருநாள் போன்ல கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா கேக்கல. கேட்டு, ஆமா நடிச்சேன்னு அவ சொல்லிட்டான்னு வெச்சுக்கோ. அப்புறம் கா விடணுமே.

அவ்ளோதான், கதையும் காலி, டம்ளரும் காலி. கண்ணை மூடு. நாளைக்குச் செஞ்சு தர்றதா? மாவு கிடைச்சா பாப்போம். இப்போ பல்லு தேச்சாச்சு, தூங்கு.