தாய்வீட்டுக்குப் போன விமானம்

பூண்டுப்பாறைக்காரர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். மலை மேல் இருக்கிற அந்த ஊருக்குப் போய்வரும் ஒரே மினி பஸ்ஸில் நான்தான் கண்டக்டர். எனக்குச் சோறு போடுகிற ஊர் அது. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். 'படியில் நிற்காதீர்கள்' என்று பஸ்ஸில் எழுதிப் போட்ட அன்றைக்கு, படியில் நிற்காமல் எப்படி ஏறுவது என்று கூடிப் பேசிவிட்டு, மொத்த ஊரும் ஜன்னல் வழியாக ஏறியது. நான் என்ன சொல்ல முடியும்? எழுதியிருக்கிறதே.

அந்த ஊர் இருளப்பனுக்கு, கீழே ஊத்துமட்டத்தில் இருக்கிற வனரோஜாவைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கும் ஆசைதான். ஊத்துமட்டம் முழுக்க அறிவாளிகள். எது சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பார்கள். இருளப்பன் ஒருத்தன்தான் அவள் சொன்னதை அப்படியே செய்கிறவன். ஒரு தடவை கோபத்தில் "எங்கயாச்சும் போய்த் தொலைங்க" என்றாள். காட்டுப் பக்கம் போய்ச் சுத்தமாகத் தொலைந்துபோய், இரண்டு நாள் கழித்துக் கிழிந்த சட்டையோடு வந்து, "தொலைஞ்சுட்டேன், அடுத்து?" என்று கேட்டான். இப்படி ஒருத்தன் எந்தப் பெண்ணுக்குக் கிடைப்பான்?

ஆனால் அவள் அப்பா காத்தமுத்து இருக்கிறாரே, அவர் ஊத்துமட்டத்திலேயே பெரிய அறிவாளி. பெண் கேட்டுப் போன இருளப்பனை நிற்க வைத்தே பேசினார்.

"உங்க ஊரு ஆளுங்க எடுத்த காரியத்தை ஒழுங்கா முடிச்சதா சரித்திரம் உண்டா? நீ ஏதோ பொம்மை விமானம் வெச்சிருக்கியாமே. அது என்னைக்கு எங்க கோயில் கொடிமரத்தைச் சுத்துதோ, அன்னைக்கு வா. பொண்ணு தர்றேன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இருளப்பன் சிரிக்கவில்லை. "வலமாவா, இடமாவா மாமா?" என்று கேட்டான்.

"கோயிலை எவன்டா இடமாச் சுத்துவான்? வலமாத்தான்" என்று கதவைச் சாத்தினார் காத்தமுத்து.

விமானம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இருளப்பன் ஒரு காட்டேஜில் காவலுக்கு இருந்தான். மதுரையிலிருந்து அங்கே தங்க வந்த ஒருத்தர், ரிமோட்டில் பறக்கிற விமானம் ஒன்று கொண்டுவந்தார். தெர்மாகோல் மாதிரி லேசான உடம்பு, மூக்கில் ஒரு விசிறி, கையை விரித்த அகலத்துக்கு இறக்கை. எங்கள் மலையின் தை மாதத்துக் குளிரில் அவர் விரல் விறைத்துவிட்டது. "இந்தக் குளிர்ல மனுசன் பறக்க விடுவானா?" என்று சொல்லி, விமானத்தை இருளப்பனிடமே கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். போகும்போது புத்தி சொல்லிவிட்டுப் போனார். இறக்கையில் பனி பிடிக்காமல் பார்த்துக்கொள். பேட்டரியை உடம்புச் சூட்டிலேயே வைத்திரு. மூடுபனி வந்தால் பறக்க விடாதே. சிக்னல் போய்விட்டால் பயப்படாதே, அது தானாக வீட்டுக்குத் திரும்பிவிடும்.

நல்ல மனுசன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஊர்க் கூட்டம் சடைச்சியக்கா தலைமையில் கூடியது. ஊரில் கம்பளி பின்னத் தெரிந்தவள் அவள்தான், அதனால் தலைவியும் அவள்தான்.

"இறக்கையில பனி பிடிக்கக் கூடாதுன்னுட்டாரு. நம்ம மேல பனி பிடிக்காம இருக்க நாம என்ன பண்றோம்?" என்று கேட்டாள்.

"ஸ்வெட்டர் போடுறோம்" என்றார்கள் எல்லாரும்.

மறுநாளே விமானத்துக்கு ஸ்வெட்டர் தயார். மஞ்சளில் பச்சைக் கோடு, இறக்கைக்கு இரண்டு கை, வாலுக்குத் தனியாக ஒரு உறை. மூக்கில் விசிறி சுற்ற இடம் விட்டிருந்தாள். பஸ் திரும்புகிற மைதானத்தில்தான் அதற்குப் போட்டுப் பார்த்தார்கள். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

அடுத்து பேட்டரி. உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும், சரி. யார் உடம்பு? இதில் ஊரே இரண்டுபட்டது. என் உடம்புதான் சூடு, உன் உடம்புதான் சூடு என்று ஆளாளுக்கு நெற்றியை நீட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மொக்கராசு அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி வந்தார். அவருக்கு நல்ல காய்ச்சல்.

தொட்டுப் பார்த்த சடைச்சியக்கா, "தெய்வமே!" என்றாள்.

பேட்டரியை அவர் அக்குளில் வைத்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து அவருக்கு ராஜ உபசாரம். கஞ்சி என்ன, சுக்குக் காப்பி என்ன, பிறந்ததிலிருந்து அவரை யாரும் அப்படிக் கவனித்ததில்லை. நடுவில் கீழே இருந்து வந்த நர்ஸம்மா ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். காய்ச்சல் இறங்கிவிட்டது.

கூட்டம் மறுபடி கூடியது.

"யாரைக் கேட்டு மாத்திரையை முழுங்குனீங்க?" என்றான் இருளப்பன். "என் கல்யாணமே உங்க அக்குளுக்குள்ளதானே அண்ணே இருக்கு!"

மொக்கராசு தலையைத் தொங்கப் போட்டார். "தப்புதான் தம்பி. கொடுத்தாங்க, முழுங்கிட்டேன். இன்னைக்கு ராத்திரி பனியில படுத்து எப்படியாவது வரவழைச்சுர்றேன்."

சொன்னபடி செய்தார். விடிகிறபோது காய்ச்சல் அடுப்பாகக் கொதித்தது. ஊரே அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னது.

அன்றைக்குக் காலையில்தான் பறக்க விட்டார்கள். புல் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக உறைபனி. நான் முதல் ட்ரிப்புக்கு பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மொக்கராசு அக்குளிலிருந்து பேட்டரியை எடுத்துக் கொடுத்தார். இருளப்பன் குலசாமியைக் கும்பிட்டு ரிமோட்டைத் தட்டினான். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட விமானம் குலுங்கி, முக்கி, எப்படியோ மேலே ஏறிவிட்டது. ஏறியதே! நானே கை தட்டினேன். ஊத்துமட்டம் இருக்கிற பக்கமாகத் திருப்பினான். இருளப்பன் முகத்தில் பாதிக் கல்யாணம் முடிந்த களை.

அப்போதுதான் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது.

"மூடுபனி வந்தா பறக்க விடாதேன்னு சொன்னாரே" என்றாள் சடைச்சியக்கா.

"ஆமா, சொன்னாரு" என்றான் இருளப்பன்.

"இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"பறக்க விட்டுக்கிட்டு இருக்கேன்."

"பெரியவங்க சொல்லியும் கேக்கலைன்னா எப்படி? நிப்பாட்டு."

ரிமோட்டை அணைத்து இடுப்பில் சொருகிக்கொண்டான். விமானம் பனிக்குள் போயிற்று. யாரும் பதறவில்லை. சிக்னல் போனால் தானாக வீட்டுக்குத் திரும்பிவிடும் என்றுதான் சொல்லியிருக்கிறாரே! எல்லாரும் இருளப்பன் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்தார்கள். குளிரில் வரும் என்று வெந்நீர்கூடப் போட்டு வைத்தார்கள். பொழுது சாய்ந்தது. வெந்நீரை மூன்று தடவை சுட வைத்தார்கள். விமானம் வரவில்லை.

"வீட்டுக்குப் போயிரும்னுதானே சொன்னாரு?" என்று மெதுவாக ஆரம்பித்தார் மொக்கராசு. "எந்த வீட்டுக்குன்னு சொன்னாரா?"

"அது நம்ம ஊருக்கு வந்தே ஒரு வாரம்தான் ஆகுது. இன்னும் பழகலை. அதுக்கு வீடுன்னா மதுரைதான். வாங்குன கடை அங்கதானே இருக்கு."

"அது சொல்லாமக் கொள்ளாம ஏன் போகணும்?" என்றான் இருளப்பன்.

சடைச்சியக்கா மூக்கை உறிஞ்சினாள். "ஏன் போகாது? நடு வானத்துல, ஊரே பாக்க, மூஞ்சியில அடிச்ச மாதிரி அணைச்சியே! கோவிச்சுக்கிட்டுத் தாய்வீட்டுக்குப் போயிருச்சு."

அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது? தாய்வீட்டுக்குப் போனவளைச் சும்மா கூப்பிட்டால் வருவாளா? நாலு பேர் தட்டோடு போய் மரியாதையாக அழைக்க வேண்டும். மறுநாள் முதல் ட்ரிப்பில் ஏறிவிட்டார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம், கற்கண்டு, பூ எல்லாம் தட்டில் இருந்தது. கோபம் தீர ஒரு புது ஸ்வெட்டரும் இருந்தது, இந்தத் தடவை சிவப்பு. தட்டோடு ஜன்னல் வழியாக ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? டிரைவர் இறங்கிப் போய் டீயே குடித்துவிட்டு வந்தார்.

ஊத்துமட்டம் நிறுத்தத்தில் பஸ் நின்றது. அங்கே நான் பார்த்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேலே பூண்டுப்பாறைக்கு வர எங்கள் பஸ்ஸுக்காகக் காத்தமுத்து நிற்கிறார், பக்கத்தில் வனரோஜா. அவள் கையில் விமானம்!

நடந்தது இதுதான். ஸ்வெட்டர் கனத்தில் அது எங்கே வீடு திரும்பும்? காற்று தள்ளின பக்கம் போயிருக்கிறது. ஊத்துமட்டத்துக் கோயிலுக்கு மேலே பனியைக் கிழித்துக்கொண்டு வந்து, கொடிமரத்தை அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, காத்தமுத்துவின் பூண்டுக் கொட்டகையில் விழுந்திருக்கிறது. கோயிலில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். காத்தமுத்து அறிவாளிதான், ஆனாலும் கொடுத்த வாக்கை மீறுகிறவர் இல்லை.

ஜன்னலில் தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தட்டோடயே வந்துட்டீங்களா! இறங்குங்க மாப்பிள்ளை. சுத்திருச்சு. வலமாவே சுத்திருச்சு. பொண்ணு உங்களுக்குத்தான்."

இறங்கினார்கள். அதாவது, ஜன்னல் வழியாக விழுந்தார்கள். இருளப்பன் விமானத்தையே பார்த்தான்.

"இது எங்களுது இல்லை மாமா. எங்களுது மதுரையில இருக்கு. அதோட எங்களுது ஸ்வெட்டர் போட்டிருக்கும்."

"அட, நனைஞ்சிருந்துச்சுன்னு நான்தான் கழட்டிக் காயப் போட்டேன்!" என்ற வனரோஜா ஓடிப்போய் மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்துவந்து மாட்டினாள்.

சடைச்சியக்கா அந்தப் பச்சைக் கோட்டைத் தடவிப் பார்த்தாள். "என் பின்னல்தான். அப்ப இதோட தாய்வீடு மதுரை இல்லை, இவங்க வீடுதான்." உடனே தட்டைக் காத்தமுத்து கையில் கொடுத்துவிட்டாள். "ஏதோ தெரியாம நடந்துபோச்சுங்கய்யா. மனசுல வெச்சுக்காம அனுப்பி வையுங்க. இனிமே நல்லபடியாப் பாத்துக்குறோம்."

காத்தமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க ஊரை என்னென்னமோ பேசிட்டேன். எம்பொண்ணு குளிர் தாங்க மாட்டா, அதை மட்டும் பாத்துக்கங்க."

"அதுக்குத்தான் புது ஸ்வெட்டரே கொண்டாந்திருக்கோம்" என்று சிவப்பை எடுத்து விமானத்துக்கு மாட்டினாள் சடைச்சியக்கா. காத்தமுத்துவுக்குக் கண்ணீர் நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை, கல்யாணத் தேதியைச் சொல்லுங்க" என்று இருளப்பன் பக்கம் திரும்பினார்.

இருளப்பன் தலையை ஆட்டினான். அவன் கண்ணிலும் தண்ணீர். "அதெப்படி மாமா? அது கோவத்துல சுத்துனது. நான் விட்டுச் சுத்தலையே. என்கிட்ட ரிமோட் அணைஞ்சு இருந்துச்சு. வாக்குன்னா வாக்கு. கூட்டிட்டுப் போய், சமாதானப்படுத்தி, மறுபடி அனுப்புறேன். அன்னைக்குத் தாங்க."

"நான் தர்றேன்னு சொல்றேனேய்யா!"

"நீங்க பெரிய மனசுல சொல்றீங்க மாமா. நான் ஏமாத்தக் கூடாதில்ல?"

இந்தக் கூத்தைப் பார்த்து எனக்கே வயிறெரிந்தது. பாவம் வனரோஜா, அவனை மேலும் கீழும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு சடைச்சியக்காவிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "ஏக்கா, தாய்வீட்டுல இருந்து பொண்ணை அழைச்சிட்டுப் போறீங்களே, துணைக்கு யாரு வர்றா? தனியாவா அனுப்புவாங்க?"

பூண்டுப்பாறைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பெரிய விஷயத்தை எப்படி மறந்தார்கள்?

"அதானே!" என்றாள் சடைச்சியக்கா. "நீயே வாயேன் தாயி."

"வர்றேன். ஆனா, துணைக்கு வர்றவளுக்கு அந்த வீட்டு மாப்பிள்ளை தாலி கட்டணும். அது எங்க ஊரு வழக்கம்."

"அப்படி ஒரு வழக்கமா?" என்று இருளப்பன் மாமனாரைப் பார்த்தான். காத்தமுத்து மகளைப் பார்த்தார். அறிவாளி என்றேனே, பட்டென்று பிடித்துக்கொண்டார். "ஆதியில இருந்தே உண்டு மாப்பிள்ளை" என்றார்.

"வழக்கத்தைத் தட்டக் கூடாது" என்று முடிவு சொன்னார் மொக்கராசு. அன்றைக்கும் அவருக்குக் காய்ச்சல் விடவில்லை.

அந்தத் தை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. விமானம்தான் பெண், வனரோஜா துணை என்று இன்றைக்கும் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவள் சொன்னால் இருளப்பன் அப்படியே கேட்கிறான்.

போன வாரம் மொக்கராசு தன் தங்கை மகளைப் புகுந்த வீட்டில் விட்டு வர, துணைக்குப் போனார். எங்கள் பஸ்ஸில்தான் போனார். இன்னும் திரும்பி வரவில்லை. என்ன ஆச்சோ என்று நேற்று போன் போட்டேன்.

"எப்படி வர்றது?" என்று எரிந்து விழுந்தார். "வந்ததுல இருந்து மாலையும் கழுத்துமா நானும் உக்காந்துதான் இருக்கேன். மாப்பிள்ளை சாப்பிடுங்கிறான், தூங்குங்கிறான், தாலியைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டேங்குறான்!"